மூன்று ஜோடிச் சறுக்குப் பலகைகளும் ஒரு பரவாயில்லையும்

வில்லியனூர் கடைத்தெருவில் எனக்கு ஒரு செருப்புக்கடை இருக்கிறது. பெண்கள் செருப்பு மட்டும்தான். வாங்க வருகிறவர்களை நான் கண்ணாடி முன்னால் அதிக நேரம் நிற்க விடுவதில்லை. கடைக்குள் டைல்ஸ் தரையில் நாலு நடை, வாசலில் ஜல்லி பெயர்ந்த ரோட்டில் நாலு நடை, பக்கத்து டீக்கடையில் கிளாஸ் கழுவிக் கொட்டும் ஈரத்தில் நாலு நடை. நடந்து முடித்து ஒருத்தி “பரவால்ல” என்று சொன்னால், அந்த ஜோடியை எடுத்து டப்பாவில் வைத்துவிடுவேன். அவள் வாங்கமாட்டாள், வாங்கினாலும் இரண்டு நாளில் மாற்ற வந்து நிற்பாள். இவ்வளவு தெரிந்த நான்தான், அதே சொல்லைச் சொல்லி என் தங்கையின் வேலைக்கு உலை வைக்க இருந்தேன்.

தங்கை கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை. மலையடிவாரத்து ஊர் ஒன்றில், பனிச்சறுக்குச் சாமான்களை வாடகைக்கு விடும் கடையில் அவளுக்கு வேலை. போன குளிர்காலத்தில் எனக்கு டிக்கெட் போட்டுவிட்டு, “பனியா இருக்கும்க்கா, அதுக்குத் தக்கன துணி எடுத்துகினு வா” என்றாள். நான் இரண்டு சால்வையும் ஒரு குரங்குக் குல்லாவும் எடுத்துப் போனேன். எங்கள் சொந்த ஊர் கிருமாம்பாக்கத்தில் பனி என்றால் மார்கழிக் காலையில் வைக்கோல்போரை நனைத்துவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் காணாமல் போய்விடுவது. அங்கே கார் ஒன்று பனிக்குள் புதைந்து கிடந்தது. அதற்கும் இதே பெயர்தானா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

முதல் மூன்று வாரம் சிறுபிள்ளைகள் பழகும் சரிவில் விழுந்து எழுந்தேன். எனக்கு நாற்பத்தாறு வயது. நம் வரப்பில் வழுக்கினால் பின்பக்கம் சாய்ந்து குதிகாலை ஊன்றுவோம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் சாய்ந்தேன். காலில் மாட்டிய சறுக்குப் பலகை என்னைக் கேட்காமல் தன் பாட்டுக்கு ஓடியது. முன்னால் சாய்ந்தால்தான் அது பேச்சைக் கேட்கும் என்று உடம்புக்குப் புரிய அந்த மூன்று வாரமும் ஆனது. புரிந்த பிறகு என்னைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

அப்போதுதான் தங்கை விஷயத்தைச் சொன்னாள். அடுத்த வருஷத்துக்குப் பெண்களுக்கான பலகை பன்னிரண்டு ஜோடி வாங்கப்போகிறார்கள். மலையில் எல்லா விதமான பனியிலும் ஓட்டக்கூடிய ரகம். எது வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை முதலாளியம்மா இவளிடம் விட்டிருந்தார்.

“நான் நல்லா ஓட்டுவேன், எனக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். வாடகைக்கு வர்றவங்க உன்ன மாதிரி ஆளுங்க. நீ ஓட்டிப் பாத்துச் சொல்லு. இது சரியா வந்தா என்ன நிரந்தரமாக்கிடுவாங்க. தப்பாப்போச்சுன்னா இந்த சீசனோட வூட்டுக்குப் போன்னுடுவாங்க.”

மூன்று ஜோடி. சிவப்பு, பச்சை, சாம்பல். ஆண்களுடையதைவிட எடை குறைவு, வளைத்தால் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். நிமிர்த்தி வைத்தால் என் மூக்கு உயரத்துக்கு நிற்கும். நான் கடையில் செய்வதைப்போலவே ஒவ்வொன்றையும் மூன்று தரையில் போட்டுப் பார்த்தேன். விடியற்காலைப் பனி இறுகிக் கிடக்கும்; அதற்குக் கெட்டி என்று பெயர் வைத்தேன். இரவில் புதிதாக விழுந்தது மாவு. மதியத்துக்குமேல் வெயிலில் இளகியது கூழ். இவற்றுக்கெல்லாம் அவர்கள் மொழியில் தனித்தனிப் பெயர் உண்டு, தங்கை சொல்லியும் கொடுத்தாள். எனக்கு என் பெயர்களே போதுமாக இருந்தன.

சிவப்பு, கெட்டியில் கத்தி வைத்ததைப்போல் கோடு போட்டுக்கொண்டு போனது. எனக்கே என்னைப் பார்த்துப் பெருமை. மதியம் கூழில் அதன் மூக்கு உள்ளே குத்தி, நான் தலைகுப்புற விழுந்தேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்த தங்கை, கூழில் ஓட்டியதைப் பற்றிக் கேட்டாள்.

“எப்பிடிக்கா இருக்குது?”

“பரவால்லடி.”

பச்சை மாவில் மிதந்தது. கெட்டியில் பல் கிட்டுகிற அளவுக்கு உதறியது. அதற்கும் “பரவால்ல” என்றேன். வேறென்ன சொல்வது? அவள் டிக்கெட்டில் வந்து, அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, அவள் கையில் கொடுத்ததைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாம்பலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அன்றைக்கு ஒரு மேட்டில் பார்த்த நரியின் கால்தடத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். நான் சொன்னதையெல்லாம் தங்கை கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நாலாம் நாள் காலை கடைக்குப் போனோம். முதலாளியம்மா நோட்டைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழி பிரெஞ்சு. முக்கால்வாசி மறந்துவிட்டாலும் ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது: பா மால். சிவப்பு, கூழில் பா மால். பச்சை, கெட்டியில் பா மால். சொல்லுக்குச் சொல் பார்த்தால் மோசமில்லை; ஆனால் அங்கே யாராவது பா மால் என்று சொன்னால், பேஷ், நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். சாம்பலுக்கு நேரே வெறும் கோடு.

“இன்னாடி எழுதி வச்சிருக்க?”

“நீ சொன்னதத்தான். பரவால்லன்னியே.”

“பரவால்லன்னா நல்லாருக்குன்னு அர்த்தமாடி?”

அவள் என்னையே பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. முதலாளியம்மா அதற்குள் சிவப்புக்குப் பன்னிரண்டு என்று சொல்லிக்கொண்டே எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். இப்போது பேசினால் எல்லார் முன்னாலும் தங்கைக்குத் தலைக்குனிவு. பேசாமல் போனால், அடுத்த குளிர்காலத்தில் என்னைப்போன்ற பன்னிரண்டு பேர் கூழில் மூக்கு உடைபட்டு வந்து நிற்பார்கள், அவள் வேலை போகும்.

“நோன்” என்றேன். அதற்குமேல் பிரெஞ்சு வரவில்லை. சிவப்பு ஜோடியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள் என்று கையைக் காட்டினேன்.

முதலாளியம்மா வந்தார். அன்று வெயில் சீக்கிரமே ஏறியிருந்தது, கடைக்கு எதிர்ச் சரிவு கூழாகிவிட்டது. சிவப்பில் இறங்கினேன். மூன்றாவது திருப்பத்தில் விழுந்தேன். எழுந்து வந்து சாம்பலை மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. ஓரத்தில் நிழலில் இறுகிக் கிடந்த கெட்டியிலும் போய்வந்தேன், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

“இத்தப்பத்தி ஏன்க்கா ஒண்ணுமே சொல்லல?”

“கால்ல இருக்கறதே மறந்துபோச்சுடி. அப்பிடி மறந்துபோற செருப்பத்தான் நான் ரெண்டாந்தபாவும் வரவழைச்சு தைரியமா விப்பேன். இத அவங்களுக்குச் சொல்லு. நான் எதுக்குப் பரவால்லன்னு சொன்னேன்னும் சேத்துச் சொல்லு.”

தங்கை சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள். நடுவில் முதலாளியம்மா சிரித்தது எனக்கு உயிர் வந்ததைப்போல் இருந்தது. சாம்பல் ஒன்பது, சிவப்பு மூன்று என்று மறுநாள் ஆர்டர் போனது. சிவப்பு, காலையில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்காம். நான் ஊர் திரும்புவதற்கு ஒரு வாரம் முன்னால் தங்கைக்கு நிரந்தர வேலைக்கான காகிதம் கைக்கு வந்தது.

கடைசி நாள் இரண்டு பேருமாக, மேலே தூக்கிப் போகும் கம்பி நாற்காலியில் உட்கார்ந்து போனோம். கீழே பைன் மரங்கள். நாலு பலகைகளும் காற்றில் தொங்கின. பனியில் எத்தனை ரகம் இருக்கிறது, எல்லாவற்றையும் பார்த்துவிட்டேனா என்று நான் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே வந்தேன். அவள் பாதி வழியில் என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, அம்மா படுக்கையா கிடந்தப்ப நான் போன் பண்ணி, கெளம்பி வரட்டுமான்னு கேட்டேனே. பரவால்லடி, நான் பாத்துக்கறேன்னு சொன்ன. அது எந்தப் பரவால்ல?”

அம்மா போய் ஆறு வருஷம். கடைசி நாலு மாதம் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டி எல்லாம் நான் ஒருத்திதான். இவள் காரியத்துக்குத்தான் வந்தாள். அந்தக் கோபம் ஆறு வருஷமாக என்னிடம் இருந்தது. அவளுக்கு அது தெரியாது. நான் எப்போதும் நன்றாகத்தான் பேசினேன். வரட்டுமா என்று கேட்டவள் வராமலே இருந்துவிட்டாளே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்திருக்கிறாள்.

“வான்னு அர்த்தம்டி” என்றேன்.

அவள் கையுறையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்குமிடம் வந்துவிட்டது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்து எழுந்தோம்.