வேர் போடாத குழாய்

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் லேப் அக்கா. மூலிகை வேர்களைப் பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, சாறு இறக்கி, அதில் சரக்கு இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அங்கே அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. வீட்டில் நிலைமை வேறு. குடை எடுத்துக்கொண்டு போங்கள் என்றால்கூட, தையற்கடைக்காரரான அவள் கணவர் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

அந்த வாரம் வந்த வேர் அசத்தியது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியோடு அதன் சாற்றைச் சேர்த்ததும் நொதி கப்சிப். சந்தோஷம் தாங்காமல் வீட்டில் வந்து சொல்லித் தொலைத்தாள்.

"அப்ப சர்க்கரை ஏறாதுன்னு சொல்லு" என்றார் சர்க்கரை வியாதிக்காரரான கணவர்.

மறுநாளே மூலிகைக் கடையில் அந்த வேரை வாங்கிக் காய்ச்சிக் குடிக்க ஆரம்பித்தார். மாத்திரைகள் பரணுக்குப் போயின. கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச்சை அவர் கேட்டது இதுதான் முதல்முறை. அவளுக்கு உச்சி குளிர்ந்தது, மறைப்பானேன்.

பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்தாள். வேரே போடாமல், வெறும் ஆல்கஹாலை மட்டும் ஒரு குழாயில் விட்டுப் பார்த்தாள். நொதி அதிலும் அடங்கியது. ஆல்கஹாலைக் குறைத்துவிட்டு வேர்ச்சாற்றைச் சேர்த்தால், நொதி பாட்டுக்கு வேலை செய்தது. வேர் வாங்கிய நல்ல பேரெல்லாம் ஆல்கஹாலுடையது.

"என்னங்க, நான் சொன்னது தப்பு. அந்த வேர்ல ஒண்ணுமில்ல. மாத்திரையப் போடுங்க."

"உனக்கு எப்பவுமே உன்மேல நம்பிக்கை கிடையாது. மொதல்ல சொன்னதுதான் சரி."

சொல்லிக்கொண்டே ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். நூல் ஊசிக்கு அந்தப் பக்கம் போயிற்று, இந்தப் பக்கம் போயிற்று, காதுக்குள் மட்டும் போகவில்லை. சில நாளாகவே பார்வை மங்கல் என்றார், பெரிதாக எடுத்துக்கொள்ளாமல். சர்க்கரை ஏறியிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. பரணில் ஏறி மாத்திரையை எடுத்து வந்தாள்.

"ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போச்சு. இந்த மாத்திரையோட சேந்தாத்தான் அந்த வேர் வேலை செய்யும். டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று வாங்கி விழுங்கினார்.

அடுத்த முறை ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "நல்லா கொறஞ்சிருக்கே, என்ன பண்ணீங்க?" என்றார்.

"எல்லாம் இவ கண்டுபிடிச்ச வேர், டாக்டர். இவ சொன்னா சொன்னதுதான்."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

"ஆமாங்க" என்றாள் லேப் அக்கா. வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும், கணவர் அதை இன்னொரு தரம் சொல்லமாட்டாரா என்றும் இருந்தது.