அம்மாக்கள் அனுப்பிய பெட்டிகள்

வளைகுடாவிலிருந்து வரும் கார்கோ பெட்டிகளை மதுரைப் பக்கம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. வீட்டுவேலைக்குப் போன அம்மாக்கள் அனுப்புவதுதான் அதிகம். சாமான் சரியாக இருக்கிறதா என்று அவர்கள் திறந்து பார்க்கும்வரை நிற்க வேண்டும். முப்பது கிலோவை மாடியேற்றுவதைவிட அந்தப் பத்து நிமிடம் கனம் என்பது, இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

வெள்ளை ஷூ

சோழவந்தானில் பத்து வயதுப் பெண் ஒருத்தி. அம்மா குவைத்துக்குப் போய் மூன்று வருடம். பெட்டியில் வெள்ளை ஷூ இருந்தது. வீடியோ காலில் அம்மா போட்டுக் காட்டச் சொன்னதும், விரல்களை மடக்கி உள்ளே திணித்து, நாலடி நடந்தும் காட்டினாள். போனை வைத்ததும் கழற்றிவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டாள். சின்னதாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா, புள்ள வளந்ததுகூடத் தெரியலையேன்னு அம்மா அழும்ணே."

போட்டோ

வில்லாபுரத்தில், துணிகளுக்கு நடுவே ஒரு போட்டோ. வேலை பார்க்கும் வீட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துச் சிரிக்கிறார் அம்மா. ஐந்து வயது மகன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பாப்பாவுக்கு அம்மா இல்லையா என்று அப்பாவைக் கேட்டான். இருக்கிறார்கள், அவர்கள் ஆபீசுக்குப் போவதால் நம் அம்மா பார்த்துக்கொள்கிறார் என்று சொன்னார். பையன் மறுபடியும் கேட்டான்.

"அவுங்க அம்மா சாயங்காலம் வந்துருவாங்கள்ல?"

வாங்க, போங்க

அலங்காநல்லூர் பக்கம் ஒரு வீட்டில், பெட்டியை அனுப்பியவரே கதவைத் திறந்தார். ஐந்து வருடம் சவூதியில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் வந்திருக்கிறார், பெட்டி பிந்திவிட்டது. மூன்று வயதில் விட்டுப்போன மகளுக்கு இப்போது எட்டு. அம்மா தண்ணீர் கேட்டதும் மகள் கொண்டுவந்து, "இந்தாங்க" என்று நீட்டினாள். வந்ததிலிருந்தே வாங்க, போங்கதானாம். கையெழுத்துப் போடும்போது அந்தம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வேலை பாத்த வீட்ல ஒருநாளும் மரியாதை கெடைக்கலண்ணே. எம்புள்ள குடுக்குறா, அதத்தான் தாங்க முடியல."

இனிமேல் திரும்பிப் போவதாக இல்லை என்றும் சொன்னார். நான் வாசலிறங்கும்போது உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், பெட்டியில் வந்த கிளிப்பைத் தானே மாட்டி முடியைச் சிக்கவைத்துக்கொண்டு நிற்கிறாள் மகள்.

"அம்மா, வலிக்குது, இங்க வா."

ஒரு வாடிக்கை குறைந்துபோனதற்காக மனசு நிறைந்து வண்டியோட்டிய கார்கோக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.