இறங்கிய இடம்

எல்கடுவ ரோட்டில் மண் சரிந்த அந்தப் பின்னேரம், மகளின் இன்ஹேலர் என் கைப்பையில் இருந்தது. அவள் ஸ்கூல் வேனில் இருந்தாள். மழை என்றாலே அவளுக்கு இழுப்பு வந்துவிடும். சந்தியில் குடையோடு நின்ற எனக்கு வேறெந்த நினைப்பும் ஓடவில்லை.

வேன் டிரைவர் எனக்குப் போன் எடுத்தார். "ரெண்டு பக்கமும் மண்ணு வந்துருச்சுங்க. புள்ளைங்கள தோட்டத்து லயத்து வீடுகள்ல பிரிச்சு விடுறேன். சார்ஜ் முடியப்போகுது, ஆப்ல பட்டன அமத்திவிடுறேன், பாத்துக்கங்க."

அந்த ஆப் நான் எழுதியது. பிள்ளையை இறக்கிவிட்டு அவர் பட்டனை அழுத்தினால் தாய்க்கு மெசேஜ் போகும். வந்தது. 'இறக்கம்' என்று ஒரு சொல், பக்கத்தில் எழுத்தும் இலக்கமுமாய் ஒரு நீளச் சரடு. நாமே உண்டாக்கிய தரவு வகையை எப்படிக் காட்டுவதென்று நாம் சொல்லாவிட்டால், கணினி அதன் வகைப் பெயரையும் அது நினைவகத்தில் கிடக்கும் முகவரியையும் துப்பிவிட்டுப் போகும். அந்த வகையை முந்தின நாள்தான் சேர்த்திருந்தேன். நாசமாய்ப் போக!

சந்திக் கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்தேன். பிள்ளையின் பெயர், இறங்கிய இடம், இவ்வளவையும் காட்டினால் போதும். எழுதி, மெசேஜை மறுபடி வரவைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தேயிலைக்குள்ளால் ஏறிப் போகத் தயாராக, இன்ஹேலரைப் பிடுங்கிக்கொண்டு நின்றார். "எந்த லயம்னு சொல்லுங்க அக்கா, சுருக்கா!"

மகளின் பெயர் வந்தது. இறங்கிய இடம்: எங்கள் சந்தி. நான் நின்றுகொண்டிருந்த அதே சந்தி.

ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன், பாருங்கள்!

ஓட்டுகிற கையால் டைப் அடிக்க ஏலாது என்று டிரைவர் சொன்னதால், அவர் வேறிடம் தராவிட்டால் பிள்ளை அன்றாடம் இறங்கும் இடத்தையே ஆப் போடும்படி வைத்திருந்தேன். இன்னொரு தாய் போனில் கத்தினாள்: "கோயிலடியில எறங்கிட்டான்னு வருது, இங்க ஒருத்தரும் இல்லையே!" அந்த இலக்கச் சரடு எதுவும் சொல்லவில்லை. இந்தப் புது மெசேஜோ கூசாமல் பொய் சொன்னது. ஆண்டவரே, எந்த வீட்டுக் கதவைத் தட்டச் சொல்வேன்?

அப்போது தெரியாத நம்பர் ஒன்று அடித்தது. ஒரு பெண் குரல். "புள்ளதாங்க நம்பர் சொல்லுச்சு. ரொம்ப மூச்சு வாங்குது. மேல் லயம், கடைசி வீடு." சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவிட்டார். இன்ஹேலரை இழுத்துவிட்டு மகள் "அம்மா" என்று போனில் கூப்பிட்ட பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

இப்போது டிரைவர் இடத்தைச் சொல்லாவிட்டால் அந்த ஆப்பில் 'எங்கே என்று தெரியாது' என்றுதான் வரும். பார்த்தாலே பயமாயிருக்கிறது, மாற்றுங்கள் என்கிறார்கள் மற்றத் தாய்மார். மாட்டேன்.