கண் வைக்காத படங்கள்

எனக்கு ஐந்து வயதில் தெரியாத விஷயமே கிடையாது. சந்தேகப்படுகிறவர்கள், அந்த அறுபதுகளில் தாராவியில் எங்கள் சாச்சியிடம் ஓதிய பிள்ளைகள் யாரையாவது பிடித்துக் கேட்டுக்கொள்ளலாம். அரபி எழுத்துகளை அலிஃபிலிருந்தும் சொல்வேன், கடைசியிலிருந்து அலிஃப் வரைக்கும் சொல்வேன். தமிழில் என் பெயரையும் வாப்பா பெயரையும் எழுதுவேன். குழாயடியில் யார் குடத்தை யார் உதைத்தார்கள், அதற்கு யார் என்ன ஏசினார்கள் என்பதையும் ஒரு சொல் விடாமல் ஒப்பிப்பேன். இந்தக் கடைசித் திறமைக்காக உம்மாவிடம் வாயிலேயே அடி வாங்கியிருக்கிறேன்.

சாச்சி என்றால் வாப்பாவின் தம்பி மனைவி. எங்களோடுதான் இருந்தாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சின்னஞ்சிறுசுகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். ஓதுற பள்ளி என்று பெயரே தவிர, அங்கே ஓதல் பாதி, மூக்கு துடைப்பது பாதி. கை கால் கழுவச் சொல்லித் தருவாள், அ ஆ எழுதச் சொல்லித் தருவாள், பாட்டுப் பாடுவாள். அவளிடம் ஒரு சட்டம் உண்டு: பெரிய பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பிள்ளை பொறுப்பு. அது அழுதால் இதைத்தான் கேட்பாள், அதற்குப் பாடம் வராவிட்டாலும் இதைத்தான் கேட்பாள். என் பொறுப்பில் ஒரு மூன்று வயதுப் பொடியன் இருந்தான். அவனுக்கு மூக்கு ஒழுகுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. அவனை மனிதனாக்கும் கடமையை நான் தலைமேல் போட்டுக்கொண்டு அலைந்தேன்.

பள்ளி நடந்த அறை, தோல் கிடங்கு முதலாளியுடையது. ஊர்க்காரர், நல்ல மனுஷன், வாடகை வாங்காமல்தான் விட்டிருந்தார். ஆனால் அந்த வருஷம் அவருக்கு வியாபாரம் கூடிவிட்டது. உப்புப் போட்ட தோலை அடுக்கிவைக்க இடம் இல்லை. அடிக்கடி வந்து வாசலில் நின்று, எங்களைப் பார்க்காமல் எங்கள் தலைக்கு மேலே சுவரைப் பார்ப்பார். எத்தனை கட்டு அடுக்கலாம் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது எங்களுக்கே தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து மாட்டுங்காவிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். காலேஜில் படிப்புச் சொல்லிக்கொடுக்கிறவராம். ஓதுற பள்ளிகளில் சின்னப் பிள்ளைகளுடைய அறிவு எப்படி வளர்கிறது என்று ஆராய்ச்சி பண்ணுகிறாராம். ரெக்சின் பையும் கையுமாக, தோல் நாற்றத்துக்கு மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வந்து நின்றார். இரண்டாம் நாளே அந்தக் கைக்குட்டையால் என் பொடியனின் மூக்கைத் துடைத்துவிட்டார். அதோடு எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. அவர் வந்து சாச்சியிடம் தீர்ப்பாகச் சொல்லிவிட்டார்.

"இந்தா பாரும்மா, எனக்கு எழுத்து வாசனையே கெடையாது. படிச்ச டீச்சர் வந்திருக்காவ. சனிக்கெழம நான் வாரேன். இந்தப் பள்ளியால புள்ளையளுக்கு நன்மதான்னு அவ்வொ சொன்னா ரூம் ஒனக்கு. இல்லன்னா பெருநா கழிஞ்சி காலி பண்ணித் தந்துரு. பரோபர்? சரிதான?"

சாச்சி முகம் மலர்ந்துவிட்டது. எங்களை விட்டால் பம்பாயில் வேறு கெட்டிக்காரப் பிள்ளைகள் ஏது என்பது அவள் எண்ணம். என் எண்ணமும் அதுதான்.

டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மரக்கட்டைகளைக் கொடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னார். என் பொடியன் முறை வந்தது. அவன் கட்டையை வாயில் வைத்தான். நான் எழுந்து போய் அதைப் பிடுங்கி, துடைத்து, கோபுரமாக அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

"நீ பண்ணப்படாதும்மா. அவனேதான் பண்ணணும்" என்றார் டீச்சர்.

"அவன் என் பொறுப்பு டீச்சர்" என்றேன். இவ்வளவு படித்தவருக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியவில்லையே என்று பரிதாபமாக இருந்தது. டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னவோ எழுதிக்கொண்டார். ஒருவரைக் கேள்வி கேட்டால் நாங்கள் எல்லாரும் சேர்ந்து கத்துவோம், அதையும் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை எல்லாருக்கும் ஆளுக்கொரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்தார். "ஒரு மனுஷனை வரைங்கோ, பாக்கலாம்" என்றார். ஆகா, இது வேலையா என்று எல்லாரும் குப்புறப் படுத்துக்கொண்டு வரைந்து தள்ளினோம். டீச்சர் தாள்களை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள அவர் முகம் மாறியது.

"என்னடியம்மா இது? ஒருத்தனுக்காவது மூஞ்சி இருக்கா பாரு! கண்ணெல்லாம் எங்கே?"

"ஆவாது!" என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினோம்.

சாச்சி எங்களுக்குச் சொல்லியிருந்தது இதுதான்: மரம் போடலாம், வீடு போடலாம், ரயிலுக்கு எத்தனை பெட்டி வேண்டுமானாலும் போடலாம். ஆள் போட்டால் மட்டும் கண், மூக்கு, வாய் வைக்கக் கூடாது. வைத்தால், உலகம் முடிந்து எல்லாருக்கும் தீர்ப்புச் சொல்கிற கியாமத்து நாளில் அல்லா நம்மை நிறுத்தி, "வரஞ்சேல்லா, இப்ப அதுக்கு உசிரக் குடு" என்று கேட்பான். அப்போது எங்கே போய் முட்டிக்கொள்வது? எல்லாருடைய வீட்டிலும் இவ்வளவு கண்டிப்பு கிடையாது. சாச்சி கண்டிப்பு. அதனால் எங்கள் மனிதர்கள் எல்லாருக்கும் கழுத்துக்கு மேலே வெறும் வட்டம்தான் இருந்தது.

டீச்சர் சாச்சியைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசினார். தனியாக என்றால் கதவுக்கு அந்தப் பக்கம். நான் கதவுக்கு இந்தப் பக்கம். ஆள் படத்தை வைத்துத்தான் பிள்ளையின் அறிவை அளப்பார்களாம். கண்ணுக்கு மார்க், மூக்குக்கு மார்க், வாய்க்கு மார்க், புருவம் வைத்தால் அதற்குக்கூட மார்க். அந்தக் கணக்குப்படி பார்த்தால் நாங்கள் எல்லாரும் பால் குடிக்கிற பிள்ளைகளாம். "எனக்கே மனசு கேக்கலே. இதுகள்ளாம் படுசுட்டின்னு தெரியறது. ஆனா முதலாளி கேட்டா நான் பொய் சொல்ல முடியாதும்மா" என்றார் டீச்சர்.

அன்றைக்குச் சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே உம்மா கேட்டாள், "ஒரு நாளைக்குக் கண்ணு மூக்கு போடச் சொன்னா என்ன? வெவரம் தெரியாத புள்ளைய. அல்லா மன்னிக்க மாட்டானா?"

சாச்சி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிரவேயில்லை.

"அல்லா மன்னிப்பான் மச்சி. புள்ளைய மன்னிக்குமா? நேத்து வரைக்கும் ஆவாதுன்னு சொன்னதை இன்னைக்கு ரூமுக்காவ ஆவும்னு சொன்னா, நாளைக்கு நான் சொல்லுத எதை நம்பும்? போனா ரூமுதானே. போவட்டும்."

போகட்டும் என்று சொன்னாளே தவிர, அன்று ராத்திரி சோற்றில் கல் கடித்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரூம் போவதா? பிறகு நான் யாருக்குத் தலைவி? என் பொடியனின் கதி என்ன? வெள்ளிக்கிழமை பள்ளி லீவு. காலையில் வாசற்படியில் உட்கார்ந்து, வேலைக்குப் போகிறவர்களை வேடிக்கை பார்த்தேன். சந்து முழுக்க ஆட்கள் ஸ்டேஷனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் முதுகு. ஒருவருக்கும் முகம் இல்லை. இருந்தாலும் அது இன்னார் என்று எனக்குத் தெரிந்தது. நான் எழுந்து குதித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பெரிய விஷயங்களை முன்கூட்டிச் சொல்லிக் கெடுக்கக் கூடாது.

சனிக்கிழமை முதலாளி வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசனையுமாக வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த நிமிஷமே கண் சுவருக்குப் போய்விட்டது. சாச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மூலையில் நின்றாள். அவள் உதடு மட்டும் என்னவோ ஓதிக்கொண்டிருந்தது. டீச்சரும் லேசுப்பட்டவரில்லை, இரண்டு நாளாக யோசித்திருக்கிறார். "இன்னொரு வாட்டி வரையட்டும். மூஞ்சியை விட்டுட்டு வேறே என்னெல்லாம் போடறதுகள்னு பாத்துடறேன்" என்று மறுபடியும் தாள் கொடுத்தார்.

நான் சாச்சாவை வரைந்தேன். சாச்சா, அதாவது சாச்சியின் புருஷன், கப்பல் வேலைக்குப் போனவர். அவர் போனபோது நான் என் பொடியனைவிடச் சின்னவள். போட்டோ பிடிப்பது ஆகாது என்று சொல்கிறவர் அவர். கப்பல் ஆபீசுக்காகப் பிடித்த ஒரே போட்டோவும் அவரோடேயே போய்விட்டது. கடிதம் வரும், வரும் என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு ஞாபகம் இருந்தது, அவர் வாசற்படி இறங்கிச் சந்து வழியாகப் போனது மட்டும்தான். அதை அப்படியே போட்டேன். பின்தலை, இரண்டு பக்கமும் விடைத்த காது, தொப்பியின் தையல், சட்டைக் காலர், தோளில் பை, பையின் வார், இடுப்பில் கட்டம் போட்ட சாரம், தேய்ந்த செருப்புக்கு வெளியே குதிகால். கெண்டைக்காலில் ஒரு தழும்பு இருந்தது, அதையும் விடவில்லை.

டீச்சர் தாளை வாங்கினார். தொப்பியிலிருந்து குதிகால் வரைக்கும் பார்த்தார்.

"யாருடா கண்ணா இது?"

"எங்க சாச்சா. கப்பலுக்குப் போறாவ."

"மூஞ்சி எங்கே?"

"அந்தப் பக்கம் இருக்கு டீச்சர். அவ்வொதான் அங்கிட்டுப் பாத்துப் போறாவள்லா, நமக்கு எப்பிடித் தெரியும்?"

டீச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதைப் பார்த்ததும் மற்ற பிள்ளைகள் சும்மா இருக்குமா? ஆளாளுக்குத் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, போகிற ஆளாக வரைய ஆரம்பித்தன. தண்ணீர்க் குடத்தோடு போகிற உம்மா, தோல் கட்டு சுமந்து போகிற வாப்பா, சிண்டு வைத்த பால்காரர் என்று அறை முழுக்க மனிதர்கள் எங்கேயோ போய்க்கொண்டே இருந்தார்கள். என் பொடியன் ஒரு வட்டம் போட்டு, அது நான் என்றான்.

டீச்சர் எல்லாத் தாள்களையும் எடுத்துக்கொண்டு முதலாளி பக்கத்தில் போய் நின்றார். "இதைப் பாருங்கோ. செருப்புத் தேஞ்சிருக்கறதைக்கூடக் கவனிச்சிருக்கு இந்தக் கொழந்தை. எங்க காலேஜ் நர்சரிலே கண்ணும் மூக்கும் வரையறதுகள்; குதிகாலை ஒண்ணும் பாத்ததில்லே. இதுகளுக்கு ஒரு கொறையும் இல்லே. தாராளமா எழுதித் தரேன்."

முதலாளி படங்களைப் புரட்டினார். ஒரு படத்தில் கை நின்றுவிட்டது. அது அவர்தான்: வழுக்கையும் குடையுமாகப் பின்னாலிருந்து. "எலே, இவ்வளவு வழுக்கையா விழுந்துட்டு எனக்கு?" என்று பின்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு சாச்சியைப் பார்த்து, "எழுத்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். புள்ளையள இருக்கச் சொல்லு. தோல நான் எங்கனயாவது அடுக்கிக்கிடுதேன்" என்றார். சாச்சி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். நாங்கள் போட்ட கூச்சலில் முதலாளி காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

டீச்சர் படங்களைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது, சாச்சி தயங்கித் தயங்கி என் படத்தை மட்டும் கேட்டாள். "உங்க ஆத்துக்காரரா?" என்றார் டீச்சர். சாச்சி தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் படத்தை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். நான் சிலேட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். சாச்சி பாயில் உட்கார்ந்து படத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஏளா, இங்க வா. அவ்வொ மொகம் ஒனக்கு ஞாவகம் இருக்கா?"

"ஓ! நல்லா இருக்கே" என்றேன். ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குத் தெரியாது என்று நான் யாரிடமும் சொன்ன வழக்கம் கிடையாது.

சாச்சி ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். பென்சிலை என் கையில் கொடுத்தாள்.

"அப்ப அவ்வொளை இந்தப் பக்கமாத் திருப்பிப் போடேன். கண்ணு, மூக்கு எல்லாம் வச்சி. ஒரே ஒரு தடவ. யாருக்கும் சொல்லாண்டாம்."

நான் யார்? சாச்சியிடம் ஓதிய பிள்ளை. என்னையா ஏமாற்ற முடியும்? பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஆவாது சாச்சி. நீங்கதான சொன்னிய."

சாச்சி என்னையே பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. "ஆமாளா. சரியாச் சொல்லிட்டே" என்று என் தலையைத் தடவினாள். டப்பாவைத் திறந்து வெல்லக்கட்டி எடுத்துத் தந்தாள். நான் சரியாகப் பதில் சொன்ன சந்தோஷத்தில்தான் அழுகிறாள் என்று எனக்கு மேலும் பெருமையாகிவிட்டது. வெல்லத்தைக் கடித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். மாட்டுங்கா டீச்சர் வைத்த பரீட்சையில் மட்டும் இல்லை, எல்லாரும் போன பிறகு சாச்சி கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வைத்த பரீட்சையிலும் நான் பாஸ் என்று உம்மாவிடம் சொன்னேன்.