போயா நாளில் பார்த்த வீடு

வீடு பார்ப்பதில் என்னை விட்டால் ஆளில்லை என்று ஒரு காலத்தில் ஜம்பம் அடித்துக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்களுக்குச் சொன்னேன், கேட்காதவர்களுக்கு இன்னும் விரிவாகச் சொன்னேன். மாத்தளைக்கும் பலாபத்வலவுக்கும் இடையில் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார நேர்ந்த பாவப்பட்ட மனிதர்கள் எத்தனையோ பேர் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டிருப்பார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால் என்னை மன்னிக்கட்டும்.

வீடு தேட வேண்டி வந்தது என் மனைவியின் மூச்சுக்காக. மாத்தளைக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில் நான் கிளாக்கராக இருந்தேன். அங்கே காலையில் கதவைத் திறந்தால் பனி, வா என்று சொல்வதற்குள் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மலைக்கு வந்த பிறகு அது முற்றிப்போனது. ஒரு மார்கழியில் உதடு நீலம் பாரித்து, பேச முடியாமல், என் சட்டையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருந்து கொடுக்க வந்த தோட்டத்து டாக்டர் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கீழ எறங்கிருங்க தம்பி. பனி இல்லாத எடமா, ஆஸ்பத்திரிக்குப் பக்கமா பாருங்க. இன்னொரு மார்கழிய இந்தப் புள்ள இங்க தாங்காது" என்றார்.

தனியாகக் கூப்பிட்டார் என்று பெயர்தான். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் படுத்திருந்தாள்.

மாத்தளை டவுனில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. தோட்டத்தில் விலகுவதாகச் சொல்லிவிட்டு, லீவு நாட்களில் மலையிறங்கி வீடு தேட ஆரம்பித்தேன். அந்த லீவு நாட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுபதுகளின் பின்பாதியில் சில ஆண்டுகள் இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள் என்று சொன்னால் இப்போது உள்ள பிள்ளைகள் நம்புவதில்லை. நிலாவைப் பார்த்து லீவு விட்டார்கள். பௌர்ணமி, அமாவாசை, நடுவில் வருகிற அட்டமி, இவைதான் போயா. போயா அன்று கடை பூட்டு, கந்தோர் பூட்டு, இறைச்சிக் கடை பூட்டு, சாராயத் தவறணை பூட்டு. ஊரே குளித்து வெள்ளை உடுத்திக்கொண்டு அடங்கி இருக்கும். அப்படிப்பட்ட நாளில்தான் நான் போய் ஊர்களை எடை போட்டேன்.

டவுனுக்குள் வாடகையைக் கேட்டதும் தலை சுற்றியது. அகப்பட்ட ஓர் அறையில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு அடுப்புப் புகை முகத்தில் அடித்தது. பல்லேபொலவில் ஒரு வீடு, மிளகுக் கொடியும் பலா மரமுமாக ஆசை காட்டியது, வாடகையும் சல்லிசு. ஆனால் பொழுது சாய்ந்த பிறகு அவளுக்கு மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட பஸ் கிடையாது. மனசில்லாமல் திரும்பினேன்.

பிறகுதான் பலாபத்வலவில் அந்த வீடு. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஓட்டுக் கூரை, இரண்டு அறை, கிணறு, முன்னால் வயல். பனி கிடையாது. டவுனுக்கு அடிக்கடி பஸ். வீட்டை ஒட்டினாற்போல் ஒரு பெரிய தகரக் கொட்டகை, அரைக்கும் மில் என்று போர்டு, கதவில் பூட்டு. எப்போதோ இழுத்து மூடிய மில் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். வாய் திறக்காத அண்டை வீட்டுக்காரன் யாருக்குக் கிடைப்பான்? அந்தப் பக்கத்துச் சுவரெல்லாம் இளஞ்சிவப்பாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்து, நல்ல சாயம் என்று மெச்சினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்ணைக் கசக்கினேன், தீயாய் எரிந்தது. ரோட்டுப் புழுதி என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டுவதில் எனக்கு அப்போது தட்டுப்பாடே இல்லை.

யாரிடமாவது ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாமே என்றால், அதற்கும் ஒரு சாமர்த்தியம் குறுக்கே நின்றது. வீட்டைப் பிடித்திருப்பதாகக் காட்டிக்கொண்டால் வாடகை ஏறிவிடும், அதனால் வாயைத் திறக்காமல் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் கந்தோரில் பெரியவர் ஒருவர் சொல்லி வைத்திருந்தார். நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் சுற்றினேன். அவசரக்காரன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று மூன்று தடவை போய்ப் பார்த்தேன். மூன்றும் போயா நாள். கடைசியில் நான் வாடகையைக் குறைக்கச் சொன்னதும் வீட்டுக்காரர் மறுபேச்சுப் பேசாமல் குறைத்தார். என் பேச்சுத் திறமையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

ஒரு போயா அன்றே குடிபோனோம். பால் காய்ச்சினோம். அவள் முற்றத்தில் நின்று வயல் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து விட்டாள். "நல்லா இருக்குங்க" என்றாள். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் நான் பஸ் ஏறிவிட்டேன். நான் போன பிறகு மில் திறந்தது. அது செத்தல் மிளகாய் அரைக்கும் மில். நாவுலப் பக்கமிருந்து லொறியில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் காய்ந்த மிளகாய் முழுவதும் எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தூளாகியது. பொழுது இறங்கும்போது மூடிவிடுவார்கள். கடையில் கணக்கு முடித்து நான் வந்து சேரும்போது இருட்டியிருக்கும், பூட்டும் தொங்கும். வேலை நாளில் நான் அங்கே இல்லை, நான் இருந்த நாளில் மில் இல்லை. இழுப்புக்காரியைப் பனியிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்து மிளகாய்த் தூளுக்குள் குடிவைத்துவிட்டு, நான் ஊரெல்லாம் மார் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் தெரியவில்லையா என்று கேட்காதீர்கள். வாசலில் கால் வைத்ததும் வாசம் தூக்கும். குழம்பு வாசம் ரோடு வரைக்கும் வருகிறது என்று அவள் சமையலைப் புகழ்ந்தேன். எனக்குத் தும்மல் வந்தால், இரும்புக் கடைத் துரு என்றேன். திடீரென்று அவள் நாலு வார்த்தை சிங்களம் பேச ஆரம்பித்தாள். டவுன் காற்றுப் பட்டதும் புத்தி எப்படித் திறக்கிறது பார் என்று அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு நாள் முதலாளியின் சொந்தக்காரர் ஒருவர் இறந்துபோய், கடையை மத்தியானத்தோடு சாத்தினார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் இருமல் பிடுங்கியது. கண் திறக்க முடியவில்லை. கொட்டகை கடகடவென்று அலறிக்கொண்டிருந்தது, கதவு வழியே சிவப்பாகத் தூசி பறந்தது. எங்கள் வீட்டில் பூட்டு. முகத்தில் துணி கட்டியிருந்த மில்காரரிடம் ஓடினேன்.

"தங்கச்சியவா தேடுறீங்க? வயலுக்கு அங்கிட்டு இருக்கும். மில்லு தொறக்க முந்தியே போயிரும், தெனமும் அப்படித்தான்" என்றார்.

வரப்பில் விழுந்து எழுந்து ஓடினேன். அந்தப் பக்கம் ஒரு சிங்கள அம்மாவின் வீடு. அதன் விறாந்தையில் என் மனைவி ஈரத் துணியை மடியில் வைத்துக்கொண்டு பயற்றங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையிலேயே சமைத்து மூடிவிட்டு இங்கே வந்துவிடுவாளாம். சாயங்காலம் போய் வீட்டைக் கழுவி, பாயை உதறி, என் வரவுக்குத் தயாராக வைப்பாளாம். மழை நாளில் வரப்பில் வர முடியாமல் வீட்டிலேயே இருந்து, மூச்சு முட்டி இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கிறாள், அந்த அம்மா கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, தோட்டத்துக் கிளாக்கர்மார் எல்லாரும் இப்படித்தானா என்று அவளிடம் சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று வாழ்க்கையில் அன்றுதான் நினைத்தேன்.

அசடு வழிய நின்றேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது, வேறு என்ன வரும்? ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் பதற்றப்படாமல் ஒரு பயற்றங்காயை உரித்து முடித்தாள்.

"லீவு நாள்ல பாத்து, லீவு நாளுக்குன்னு ஒரு வீடு புடிச்சிட்டீங்க" என்றாள். "மத்த நாளும் நான்தானே அங்க இருக்கணும்?"

அது வீட்டைப் பற்றிய பதில். ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பதில் அதில் இல்லை.

அடுத்த வீட்டை அவளே பார்த்தாள். வேலை நாளில்தான் பார்க்க வேண்டும், தானும் வர வேண்டும் என்றாள். மூன்று தடவை போனவனுக்கு, மூச்சு விட வேண்டியவளை ஒரு தடவையாவது கூட்டிக்கொண்டு போகத் தோன்றவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. டவுனுக்கு இன்னும் கிட்டத்தில், மேட்டில் ஒரு தகரக் கூரை வீடு. நிலைக்கதவில் என் தலை இடித்தது. பின்னால் பள்ளிக்கூடம், ஒரே இரைச்சல். நான் வாயைத் திறக்கப் போனேன், அவள் சும்மா இருங்கள் என்று கையைக் காட்டினாள். சுவரைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்க்கவில்லை. காலையில் வாசற்படியில் உட்கார்ந்தவள் பொழுது சாயும் வரை உட்கார்ந்தே இருந்தாள். நான் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து, அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போன பிறகு, "இங்க இருந்துக்கலாங்க" என்றாள்.

அந்தக் கேள்வியை மறுபடி கேட்டேன். இந்தத் தடவை கத்தாமல் கேட்டேன்.

அவள் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி சொன்னாள். "டாக்டர் ஐயா சொன்னது எனக்கும் கேட்டுச்சு. அன்னையிலேருந்து நீங்க சிரிக்கவே இல்ல. அந்த வீட்டப் பத்திப் பேசுறப்பத்தான் சிரிச்சீங்க. அத எப்படிங்க கெடுக்குறது?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மிளகாய் மேல் பழி போட அந்த மேட்டில் ஒரு மில்கூட இல்லை.