அடியில் இருந்த பெயர்கள்

நான் ஒன்பதாவது வரைதான் படித்தேன். பெங்களூரில் ஒரு கம்பெனியில் பார்சலுக்கு லேபிள் அடிக்கும் வேலை. மாரிகுப்பத்திலிருந்து தினமும் ரயில். போகவர செல்போனைப் பார்த்தே பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி கொஞ்சம் கற்றுக்கொண்டேன். லேபிள் பட்டியலைச் சரிசெய்ய அது போதும். சுரங்கத்துக்காரர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் வேறு யாருக்கும் அது தெரியாது. அதனால் இடுகாட்டு நோட்டு என் கைக்கு வந்தது.

எங்கள் இடுகாடு, தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டுக்குப் பின்னால் இருக்கிறது. இடம் போதாது. கல் நடாத பழைய குழியைப் பல வருஷம் கழித்துத் திறந்து, அதே குழியில் இன்னொருவரை வைப்பார்கள். யார் மேல் யார் என்று எங்கள் லைன் சங்கத்தார் நோட்டில் எழுதி வந்தார்கள்.

நோட்டின் ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பட்டியலுக்குள் பட்டியல். வரிசைகள், வரிசைக்குள் குழிகள், குழிக்குள் பெயர்கள். முடித்ததும் நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. கரையான் வீட்டுக்குள் ஏறிவிடும் என்று நானே போட்டேன்.

பக்கத்து வீட்டு அத்தையின் புருஷன் சுரங்கத்தில் பாறை விழுந்து செத்தவர். அப்போது அத்தை பிரசவத்துக்குக் குடியாத்தம் போயிருந்தார். சேதி தெரிந்து வருவதற்குள் புதைத்துவிட்டார்கள். எங்கள் பக்கம் பெண்கள் இடுகாட்டுக்கு வருவதில்லை. அதனால் அந்த இடத்தை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. குழி வெட்டிய ஆட்களும் இப்போது உயிரோடு இல்லை.

“ஏம்பா, உன் கம்ப்யூட்டர்ல எங்க ஊட்டுக்காரரு கீறாரா?” என்று ஒருநாள் கேட்டார்.

பார்த்துச் சொன்னேன். “கீறாரு அத்தை. அவரு மேல வேற ஒருத்தரையும் வச்சிக்கிறாங்க.”

“வைக்கட்டும். அந்தாளு ஒண்டியா இருந்ததே இல்ல. நான் போனா அங்கயே போடு. மூணாவதா இடிச்சிக்கினு படுத்துக்கறேன்.”

சிரித்தேன். இடத்தை நான் தனியாக எழுதி வைக்கவில்லை. கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே.

பிறகு நகராட்சி ஆபீஸில் இடுகாட்டுக்கு ஒரு ஃபாரம் கேட்டார்கள். குழிக்கு ஒரு பெயர் போதும் என்றார்கள். பைத்தானில் பட்டியலைக் காப்பி எடுத்தேன். காப்பியில் ஒவ்வொரு குழியிலும் மேலே இருந்த பெயரை விட்டுவிட்டு மற்றதை அழித்தேன். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பட்டியலையும் சேமித்து மூடினேன்.

மழைக்காலத்தில் அத்தை படுத்துவிட்டார். இடத்தைக் குறித்துக்கொள்ளலாம் என்று ஃபைலைத் திறந்தேன். மூலப் பட்டியலிலும் குழிக்கு ஒரு பெயர்தான் இருந்தது. அத்தையின் புருஷன் பெயர் எங்குமே இல்லை. பென் டிரைவில் பார்த்தேன். அதிலும் அதே ஃபைலைத்தான் மேலே மேலே போட்டு வைத்திருந்தேன்.

மறுநாள் ரயிலில் செல்போனில் சின்னதாக ஒன்று செய்து பார்த்தேன். ஒரு வரிசை, ஒரு குழி, இரண்டு பெயர். காப்பி எடுத்து, காப்பியில் ஒரு பெயரை அழித்தேன். மூலத்திலும் போய்விட்டது. சாதாரணக் காப்பி மேல் பட்டியலை மட்டும்தான் புதிதாகச் செய்கிறது. உள்ளே இருக்கும் குழிகள் இரண்டுக்கும் ஒன்றேதான். எங்கள் சுரங்கம் மாதிரி: தரையில் பார்த்தால் இறங்கும் ஷாஃப்ட் இரண்டு, உள்ளே போனால் இரண்டும் சேர்வது ஒரே லெவலில். இந்தப் பக்கம் இறங்கி ஒன்றை எடுத்தால் அந்தப் பக்கமும் இருக்காது. அடி வரைக்கும் தனியாக எடுக்க டீப்காப்பி என்று வேறொன்று இருக்கிறது. லேபிள் பட்டியலுக்கு உள்ளடுக்கு கிடையாது. அதனால் எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

அத்தை கூப்பிட்டு அனுப்பினார்.

“எடம் பாத்தியாடா?”

“பாத்தேன் அத்தை. நாலாவது வரிசை. வேப்பமரத்தண்ட.”

“நெழலா கீதா?”

“கீது.”

“அப்ப சரி. வெயில்ல போட்டுட்டாங்களோன்னு இத்தினி வருசம் நெனச்சிக்கினு இருந்தேன்.”

நான்காவது வரிசை என்று லேசாக ஒரு ஞாபகம். அந்த வரிசையில் வேப்பமரம் உண்டு; குழி அதன் பக்கம் என்பது நான் சேர்த்தது.

ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டார். மரத்தடியில் ஒரு குழியைக் காட்டினேன். அதில் இருந்தவருக்கு ஊரில் சொந்தம் யாரும் மிச்சமில்லை, கேட்க ஆள் வராது. வெட்டினார்கள். ஒருவருடைய எலும்பு வந்தது. ஓரமாக எடுத்து வைத்தார்கள். அதற்குக் கீழே கடப்பாரை டங்கென்றது.

“இன்னாண்ணா இது? ரெண்டு பேருன்ன. அடியில வெட்டாத மண்ணு” என்றான் குழி வெட்டுகிறவன். “இதுல ஒருத்தருதான்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாடை வந்து நின்றிருந்தது.

“போடுங்க” என்றேன்.

லைனுக்குத் திரும்பினபோது அத்தையின் மகள் வாசலில் நின்றிருந்தாள். பங்காருபேட்டையிலிருந்து வந்தவள். குடியாத்தத்தில் பிறந்த குழந்தை அவள்தான்.

“அப்பாகூட வச்சிட்டீங்களாண்ணா?”

“வச்சாச்சும்மா.”

குளித்துவிட்டு கம்ப்யூட்டரைத் திறந்தேன். காப்பி என்று இருந்த இடத்தில் டீப்காப்பி என்று மாற்றினேன். ஒரே வரிதான். மரத்தடிக் குழியில் அத்தையின் பெயரைச் சேர்த்தேன். சோதித்தேன். இப்போது காப்பியில் எதை அழித்தாலும் மூலத்தில் அந்த இரண்டு பெயரும் அப்படியே நிற்கின்றன. அத்தை, யாரோ ஒருவர்.