மாளிகை வாசலில் கழற்றிய சப்பாத்துகள்

என் அக்காவைப் பெண் பார்த்தது இங்கிலாந்தில், யாரோ ஒரு பிரபுவின் பழைய மாளிகையில். பிரபு செத்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. அவருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இடத்தைத் தெரிவு செய்தவர் மாமா.

மாமா அம்மாவின் தமையன். லண்டனுக்கு வெளியே குடியிருந்தார். கிராமப்புறத்துப் பழைய வீடுகளைப் பார்ப்பதற்கென்று வருஷ அட்டை வாங்கி வைத்திருந்த ஒரே யாழ்ப்பாணத்து ஆள் அவராகத்தான் இருக்கும். மற்றவர்கள் கோயிலுக்குப் போவதுபோல அவர் மாளிகைக்குப் போவார். நாங்கள் கனடாவின் மொன்றியலில் இருந்து போய் இறங்கிய முதல் கிழமையே எங்களை இரண்டு வீடுகளுக்கு இழுத்துக்கொண்டு போனார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. யாரும் உட்காரக்கூடாதென்று கயிறு கட்டிய கதிரைகள், மெழுகு மணம், யாரும் சாப்பிட வராத மேசையில் ஒழுங்காக அடுக்கிய கோப்பைகள், ஒவ்வொரு அறையிலும் கேள்விக்காகக் காத்திருக்கும் ஒரு வயதான தொண்டர். மாமா கேள்வி கேட்பார். அம்மா குசினியைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய அடுப்பை ஆர் கழுவுறது?" என்பார். அவ்வளவுதான் எங்கள் சரித்திர ஆராய்ச்சி.

மூன்றாவது வீடு பெண் பார்க்கிற வீடு. எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது. ஊரில் என்றால் இரண்டு குடும்பமும் கோயிலுக்குப் போய்த் 'தற்செயலாக' சந்திக்கும். பிடித்தால் பேச்சுத் தொடரும். பிடிக்காவிட்டால் யாருக்கும் அவமானமில்லை, சாமி கும்பிடத்தானே எல்லோரும் வந்தது. ஆனால் லண்டன் கோயிலில் சந்தித்தால் பூசை முடிவதற்குள் கதை ரொறன்ரோவுக்குப் போய்விடும். அதனால்தான் ஒரு தமிழனும் எட்டிப் பார்க்காத இடமாக மாமா யோசித்தார். யோசிக்க அவருக்கு வேறு இடம் தெரியாது.

அக்காவுக்கு அந்த நாள் சின்ன விஷயமில்லை. மொன்றியலுக்குப் பக்கத்தில் புவாண்ட்-கிளேரில் ஒரு அலுவலகத்தில் நல்ல வேலை, சொந்தக் கார், யாரிடமும் கைநீட்டாத சீவியம். ஆள் கட்டை. மேல் தட்டில் இருக்கிற சாமானைக் கதிரை வைத்து எடுப்பாள். வேறு குறை இருந்ததாக எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு முன்பு வந்த இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும் உயரத்தைச் சொல்லித்தான் கழன்றார்கள். இங்கிலாந்துக்கு வெளிக்கிட முதல் எங்கள் கர்க்லாண்ட் வீட்டுக் குசினியில் நின்று அக்கா அம்மாவிடம் சொன்னாள்.

"இதுதான் கடைசி. இவையும் உயரம் எண்டு சொல்லி வேண்டாமெண்டா, பேந்து ஒருத்தரையும் எனக்குப் பாக்கக்கூடாது. நான் தனியவே இருப்பன்."

அம்மா ஓம் என்றார். ஓம் என்றுவிட்டு மாமாவுக்கு ஃபோன் எடுத்து, மகள் ஐந்தடி நான்கு என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லச் சொன்னார். அடுத்த நாளே லவாலில் ஒரு கடைக்குப் போய், அந்தக் கணக்கைச் சரிக்கட்டக்கூடிய குதி உயர்ந்த சப்பாத்து ஒன்றை வாங்கி வந்தார். அக்கா சண்டை பிடிக்காமல் போட்டுப் பார்த்தாள். மாப்பிள்ளையின் படத்தை அவள் கணினியில் அடிக்கடி திறந்து பார்த்ததை நான் கண்டிருந்தேன். ஆள் அவளுக்குப் பிடித்திருந்தது. என்னிடம் மட்டும் மறைத்தாள், ஏனென்றால் நான் நக்கலடிப்பேன்.

அந்த மூன்றாவது மாளிகையின் கார் தரிப்பிடம் முழுக்கக் கூழாங்கல். அக்கா கொக்கு மாதிரி நடந்தாள். வாசலில் மாப்பிள்ளையும் தாயும் தகப்பனும் நின்றார்கள். மாமா நாடகத்தைத் தொடங்கினார்.

"அட, நீங்களும் இஞ்ச வந்தனீங்களோ?"

"ஓம், சும்மா ஒருக்கா வீடு பாப்பமெண்டு," என்றார் தகப்பன். இரண்டு பேருக்கும் நடிப்பு வரவில்லை.

உள்ளே காலடி வைக்கமுதல், கதவடியில் நின்ற தொண்டர் அம்மையார் அக்காவின் சப்பாத்தைக் காட்டிச் சிரித்தார். பழைய மரத் தரை, கூரான குதி பள்ளம் போட்டுவிடும், தயவுசெய்து கழற்றிவிட்டு இதைப் போடுங்கள் என்று ஒரு சோடித் துணிச் செருப்பை நீட்டினார்.

அம்மாவின் முகம் போன போக்கு. "அண்ணை, பிள்ளைக்குக் கால் நோ, கழட்டேலாது எண்டு சொல்லுங்கோ."

"அது சரிவராது தங்கச்சி. முன்னூறு வருஷத்து மரம்," என்றார் மாமா.

"நீங்கள் மரத்துக்கு மாமனோ, என்ர பிள்ளைக்கு மாமனோ?"

அக்கா இதற்குள் குனிந்து கழற்றிவிட்டாள். ஆள் அப்படியே கீழே இறங்கினாள். மறைக்க ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அந்தத் தொண்டர் இன்றைக்கும் யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு வாசலில் ஒருவர் சப்பாத்தைக் கழற்றுவதைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு மூளை வேலை செய்யமுதல் கால் வேலை செய்துவிடும். மாப்பிள்ளையின் தாய் கழற்றினார். தகப்பன் கழற்றினார். அம்மா, மாமா, நான். குதி உயர்ந்தது மட்டும்தான் என்று தொண்டர் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரச் சோடி ஒன்று, சட்டம் மாறிவிட்டதாக்கும் என்று நினைத்து, சேறு பிடித்த பூட்ஸைக் கழற்றி எங்கள் வரிசையில் வைத்தது. மாப்பிள்ளை மட்டும் சப்பாத்தோடு நின்றார்.

"தம்பி, நீயும் கழட்டன். எல்லாரும் கழட்டினமெல்லோ," என்றார் தாய்.

அவர் நாடாவை அவிழ்க்க நிறைய நேரம் எடுத்தார். கழற்றியதும் ஏனென்று விளங்கியது. உள்ளே தடித்த அட்டை வைத்து உயர்த்திய சப்பாத்து. அவரும் இறங்கினார். அக்காவைவிட நாலு விரல் கூட இருப்பார், அவ்வளவுதான். அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய மான் கொம்பைப் பார்த்தேன்.

அக்கா துணிச் செருப்போடும் மற்றவர்கள் சொக்ஸோடும் வீட்டைச் சுற்றினோம். மேல் மாடிக்குப் போகிற படியில் மாப்பிள்ளை அக்காவோடு முதல்முறையாகக் கதைத்தார்.

"நிலம் சரியாக் குளிருது என்ன?"

"மொன்றியலில இதைச் சூடு எண்டுதான் சொல்லுவம்."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. அக்காவும் சிரித்தாள். ஒரு படி பின்னால் வந்த நான், சரி, காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

பிரபுவின் குதிரை லாயத்தைத் தேநீர்க்கடையாக மாற்றியிருந்தார்கள். சப்பாத்துகளை மாட்டிக்கொண்டு அங்கே ஒரே மேசையில் உட்கார்ந்தோம், அதுவும் தற்செயலாக. ரீ வந்தது, ஸ்கோன் என்கிற ரொட்டி வந்தது. மாப்பிள்ளையின் தாய் அக்காவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை கொஞ்சம் கட்டையோ? அஞ்சடி நாலு எண்டெல்லோ எங்களுக்குச் சொன்னவை."

அம்மா ஸ்கோனை உற்றுப் பார்த்தார். அக்கா மாப்பிள்ளையைப் பார்த்தாள். தன் சப்பாத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவர் ஸ்கோனின் விளிம்புவரை ஜாமை வெகு கவனமாகப் பூசிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். மேசைக்குக் கீழே அக்கா என் காலை மிதித்தாள்.

"அஞ்சடி ஒண்டு, அன்ரி," என்றாள். "அம்மா கூட்டிச் சொல்லிப்போட்டா."

அதற்குப் பிறகும் மாப்பிள்ளை தலையை நிமிர்த்தவில்லை. தகப்பன் மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். இங்கிலாந்தில் அதற்குத் தட்டுப்பாடில்லை.

நாங்கள் மொன்றியலுக்குத் திரும்பிக் கொஞ்ச நாளில் மாமா ஃபோன் எடுத்தார். மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்மதம். உயரத்தைப் பெரிசுபடுத்தவில்லையாம். பெடியனுக்கு நல்ல விருப்பமாம். அம்மா குசினிக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். வேலையால் வந்த அக்கா, கோட்டைக்கூடக் கழற்றாமல் ஃபோனை வாங்கினாள்.

"மாமா, எனக்கு வேண்டாம்."

ஃபோனைக் காதில் வைக்கத் தேவையில்லை, மாமாவின் குரல் எனக்கே கேட்டது. "என்ன பிள்ளை சொல்லுறாய்? உயரம் பிரச்சினை இல்லை எண்டு அவையே சொல்லீற்றினம்."

"உயரத்துக்காக இல்லை மாமா. தாய் என்னைக் கேக்கேக்க அவர் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"என்ன சொல்லு?"

"நானும் கட்டைதான் அம்மா எண்டு."

அம்மா இடையில் புகுந்து கேட்டார். "இதுதான் கடைசி எண்டு நீதானே சொன்னனீ?"

"அவை வேண்டாமெண்டாத்தான் கடைசி எண்டு சொன்னனான். இது நான் வேண்டாமெண்டது. கணக்கில வராது."

அம்மா கதிரையை விட்டு எழும்பினார். கோபமா நிம்மதியா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அப்ப வேற பாக்கட்டோ?"

"பாருங்கோ."

அம்மா ஃபோனை வாங்கினார். "அண்ணை, லைனில நிக்கிறியளோ? வேற இடம் பாருங்கோ. அஞ்சடி ஒண்டு எண்டே சொல்லுங்கோ."